அப்பச்சியின் அம்பாசிடர் யாருக்குச் சொந்தம்?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற 69 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பச்சி (அப்பா) 1961இல் புதிதாக வாங்கிய அம்பாசிடர் கார், அவர்கள் வளவை (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டை) ஒட்டிய மோட்டார் கொட்டகையில் இன்றும் ஓடும் நிலையில் நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் இன்றுவரை அப்பச்சியின் பெயரிலேயே இருக்கிறது. 1997இல் அப்பச்சிக்குப் பார்வை மங்கியபோது, "இனி நீயே பார்த்துக்கொள்" என்று சாவியை மூத்த மகனான இவர் கையில் கொடுத்திருக்கிறார். அன்றுமுதல் டயர், பேட்டரி, பெயிண்ட் உட்பட எல்லாம் இவர் செலவு. மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்கு அந்தக் காரில்தான் போய்வருகிறார். அப்பச்சி 2003இலும் ஆத்தா (அம்மா) 2014இலும் காலமானார்கள். உடன்பிறந்தவர்கள் இருவர். கோயம்புத்தூரில் இருக்கும் ஆச்சி (அக்கா) ஒருவர். 2019இல் இறந்துபோன தம்பி மற்றவர். தம்பியின் மனைவியும் ஒரே மகனும் சென்னையில் வசிக்கிறார்கள்.

சிக்கல் இந்த ஆண்டுதான் தொடங்கியது. பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னதும், தம்பி மகன் யாரையும் கேட்காமல் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். வளவில் பங்குள்ள பங்காளி ஒருவரோ, பொதுக் கொட்டகையில் நிற்பதால் காரும் பொதுச் சொத்துத்தான் என்கிறார். இதற்கு நடுவில் புரோக்கர் ஒருவர், அப்பச்சி எப்போதோ கையெழுத்துப் போட்டு வைத்திருந்த, வண்டியை விற்றுப் பெயர் மாற்றுவதற்கான, நிரப்பப்படாத 29, 30ஆம் எண் படிவங்கள் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பழைய தேதியைப் போட்டு, அவரே உங்களுக்கு விற்றதாகக் காட்டிவிடலாம்" என்று சொல்லிப் படிவங்களையும் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கிப் போயிருக்கிறார். பதிவு கடைசியாக 2006இல் புதுப்பிக்கப்பட்டு 2011இல் காலாவதியாகிவிட்டது. 1989இல் அப்பச்சி பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்தியதும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறவில்லை. கழற்றிய இன்ஜின் கொட்டகை மூலையில் கட்டைகளின் மேல் சாக்குப் போர்த்திக் கிடக்கிறதாம்.

"காரை விற்க எனக்கு மனமில்லை. என் காலம் உள்ளவரை நானே வைத்திருந்து, பிறகு என் மகளுக்குக் கொடுக்க வேண்டும். அப்பச்சி சிட்டையில் (கணக்கு நோட்டில்) எழுதி வைத்திருக்கிறார், 12 வருஷத்துக்கு மேல் என் அனுபவத்தில் இருக்கிறது, ஆச்சிக்குக் கல்யாணத்தில் சீர் செய்து முடித்தாயிற்று. இத்தனை இருக்கும்போது கார் எனக்கே சொந்தம்தானே?" என்பது அவர் கேள்வி. 15 வருஷம் கடந்த வண்டியை அரசாங்கம் பிடித்து உடைத்துவிடும் என்ற பயமும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

மதிப்பிற்குரிய ஐயா, கார் இன்றைய தேதியில் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் அதை உங்களுக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொள்ள நேர்வழி இருக்கிறது. அந்த வழி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொடங்கவில்லை, கோயம்புத்தூரில், உங்கள் ஆச்சி வீட்டில் தொடங்குகிறது. தேவகோட்டை நீதிமன்றப் படியேறாமல் இதை முடிக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

சிட்டையும் சாவியும்

நீங்கள் அனுப்பிய சிட்டை நகலை நிதானமாகப் படித்தேன். பக்கத்தின் தலையில் 'சிவமயம்', மேல்வரியில் வைக்கோல் வாங்கிய கணக்கு, கீழ்வரியில் கொத்தனார் கூலி, நடுவில் "என் காலத்துக்குப் பிறகு மோட்டாரை மூத்தவனே வைத்துக்கொள்ளவேண்டியது" என்று அப்பச்சியின் கையெழுத்தோடு 2001ஆம் ஆண்டுத் தேதி. அவர் எண்ணம் என்ன என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஆனாலும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதோடு குறைந்தது இரண்டு சாட்சிகளும் சான்றொப்பம் இட வேண்டும் என்கிறது. உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. சாட்சிகள் இல்லாமல் மட்டும் முடியாது. உங்கள் சிட்டையில் சாட்சி ஒருவர்கூட இல்லை. ஆகவே அது உயில் ஆகாது.

அப்படியானால் 1997இல் சாவியைக் கையில் கொடுத்தது தானம் ஆகாதா என்று கேட்கலாம். அசையும் பொருளைப் பத்திரம் இல்லாமல், கையில் ஒப்படைப்பதன் மூலமே தானமாகக் கொடுக்க முடியும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்வது உண்மை. பத்து வழக்கறிஞர்களைக் கேட்டால் நான்கைந்து பேராவது இந்த வாதத்தை எடுத்து நடத்தலாம் என்பார்கள். நான் நடத்தச் சொல்ல மாட்டேன். 1997இல் காரைத் தானமாகக் கொடுத்துவிட்டவர், 2001இல் "என் காலத்துக்குப் பிறகு" என்று எழுத வேண்டியதில்லை; தமக்குச் சொந்தமானதைப் பற்றித்தான் ஒருவர் அப்படி எழுதுவார். தானம் என்று நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யப்போவது உங்கள் சிட்டையைத்தான்.

12 ஆண்டு அனுபவம் என்பதை இந்த விவகாரத்திலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள். எதிரிடை அனுபவம் என்று நீங்கள் கேள்விப்பட்ட அந்த 12 ஆண்டுக் கணக்கு நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு உரியது. அங்கேகூட, கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வைத்திருப்பது எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வைத்திருந்தாலொழிய அனுபவம் உரிமையாக மாறாது. தீபாவளிக்கு வந்த ஆச்சியையும் தம்பியையும் அதே காரில் காரைக்குடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சீர் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னைச் சற்று வருத்தியது. நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் செய்யும் சீரும் வைரமும் பாத்திரமும் எவ்வளவு பெரியவை என்பது இந்த வட்டாரத்தில் தொழில் செய்யும் எனக்குத் தெரியாததல்ல. அவை அந்தப் பெண்ணின் சொத்து. தந்தைவழிப் பங்குக்கு ஈடாகக் கொடுத்துக் கணக்கு முடித்தவை அல்ல. பங்கு வேண்டாம் என்று அவர் தெரிந்தே எழுதிக் கொடுக்காதவரை பங்கு இருக்கிறது. உங்கள் அப்பச்சி தம் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் என்பதால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அது முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகச் சேரும். மகனுக்கும் மகளுக்கும் அங்கே வேறுபாடு 1956 முதலே இல்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பிதுரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதை இங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணக்கு இதுதான். 2003இல் ஆத்தா, ஆச்சி, நீங்கள், தம்பி என்று நால்வருக்குக் கால் பங்கு வீதம் சேர்ந்தது. 2014இல் ஆத்தாவின் கால் பங்கு பிள்ளைகள் மூவருக்கும் பிரிந்ததில் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. தம்பியின் பங்கு அவர் மனைவிக்கும் மகனுக்கும் ஆறில் ஒன்றாகப் போயிருக்கிறது. இறந்தவர்கள் யாரும் முறையான உயில் எழுதவில்லை என்ற அடிப்படையில் இதைச் சொல்கிறேன்.

வளவுப் பங்காளி சொல்வதற்கு இரண்டு வரி போதும். வளவில் முகப்பு, பட்டாலை போன்ற இடங்கள் எல்லாப் புள்ளிகளுக்கும் (குடும்பங்களுக்கும்) பொதுவாக இருக்கலாம். பொது இடத்தில் நிறுத்திய காரணத்துக்காகத் தனி ஒருவர் வாங்கிய கார் பொதுவாகிவிடாது. கொட்டகையில் அவருக்குப் பங்கு உண்டென்றால் கொட்டகையைப் பற்றி அவர் பேசட்டும்.

தம்பி மகன் வாங்கிய முன்பணம்

இதில் நீங்கள் பயப்பட வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை. கவனமாக இருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் விற்க முடியாது என்பது 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் உள்ள பொது விதி. ஆறில் ஒரு பங்குக்காரரான தம்பி மகன் முழுக் காரையும் விற்க முடியாது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதும் அவரிடம்தான், உங்களிடம் அல்ல.

ஆனால் அடுத்த பிரிவான 28, இந்த விதிக்கு ஒரு விலக்குத் தருகிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர்களின் சம்மதத்தோடு பொருளைத் தனியாகத் தம் வசம் வைத்திருந்து விற்றால், பங்குத் தகராறு எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு முழு உரிமையும் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது கார் உங்கள் வசம் இருப்பதால் தம்பி மகனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. "சென்னையில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி எடுத்து வருகிறேன்", "கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்" என்று அவர் அன்பாகக் கேட்டு, நீங்களும் பெரியப்பச்சி என்ற பாசத்தில் சாவியைக் கொடுத்தால் அந்த வழி திறந்துவிடும். குடும்ப ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கார் கொட்டகையை விட்டு வேறு யாருடைய பொறுப்பிலும் போகக் கூடாது. கூடவே, காரில் நான்கு பேருக்குப் பங்கு இருக்கிறது, மற்றவர்கள் விற்கச் சம்மதிக்கவில்லை என்று வாங்க வந்தவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். அதைப் பெற்றுக்கொண்ட பிறகு, தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொல்ல முடியாது. தம்பி மகனைத் திட்டி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். நாளைக்கு அவருடைய கையெழுத்தும் உங்களுக்குத் தேவைப்படும்.

நால்வரும் உட்கார்ந்து பேசவேண்டியது

பங்குக்காரர்கள் நால்வரும் சேர்ந்து, கார் உங்களுக்கே சேர வேண்டும் என்று குடும்ப ஏற்பாடு செய்துகொள்வதுதான் சரியான தீர்வு. வழக்கு என்று போனால், காரை இரண்டாக வெட்ட முடியாது என்பதால் நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லும் வாய்ப்பே அதிகம். நீங்கள் தவிர்க்க நினைப்பது அதைத்தான். குடும்ப ஏற்பாடுகளை நீதிமன்றங்கள் மதித்தே வந்திருக்கின்றன. 1976இல் 'காலே' வழக்கில் உச்ச நீதிமன்றம், வாய்மொழியாகவே அத்தகைய ஏற்பாட்டைச் செய்யலாம் என்றும், செய்ததை நினைவுக்காக எழுதி வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கார் அசையும் சொத்து என்பதால் பத்திரப் பதிவும் கட்டாயமில்லை. முத்திரைத்தாளில் எழுதி, நால்வரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் இட்டால் போதும். காரின் பதிவு எண், சேசிஸ் எண், இரண்டு இன்ஜின்களின் எண்கள் ஆகியவற்றை அதில் குறிப்பிடுங்கள். மூலையில் கிடக்கும் பெட்ரோல் இன்ஜினை எழுத மறந்துவிடாதீர்கள். அந்தக் காரின் மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சாக்குக்கு அடியில்தான் இருக்கிறது.

பணம் கொடுத்துத் தீர்ப்பதானால், ஆறு லட்சம் என்ற விலையையே ஒப்புக்கொண்டாலும், ஆச்சிக்கு இரண்டு லட்சம், தம்பி மனைவிக்கும் மகனுக்கும் தலா ஒரு லட்சம். நீங்கள் செய்த பராமரிப்புச் செலவில் நியாயமான பங்கை இதில் கழிக்கக் கேட்கலாம். பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள்; ஆனால் 28 வருஷத்துக்கும் பெட்ரோல், டீசல் போட்ட கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், ஓட்டி அனுபவித்தவர் நீங்கள்தான். ஆச்சி பணமே வேண்டாம் என்று சொல்லவும் கூடும். அவரிடம் சிட்டையைக் காட்டுங்கள். சட்டத்தின் முன் அது உயில் இல்லையே தவிர, அப்பச்சியின் கையெழுத்தை அடையாளம் தெரிந்த மகளுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. "உங்களுக்குச் சீர் செய்தாயிற்றே" என்று மட்டும் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள்.

அடுத்த படைப்புக்கு (முன்னோர்களுக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) எல்லோரும் ஊருக்கு வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படைப்பு வீட்டில் பங்காளிகள் அத்தனை பேர் நடுவில் பேச வேண்டிய விஷயம் இது இல்லை. அதற்கு முன்பே கோயம்புத்தூருக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

பதிவும் காப்பீடும்

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 15 ஆண்டு கடந்த தனியார் காரை உடைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. நீங்கள் கேள்விப்படும் தடை டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றியது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டைத் தாண்டினால் புதுப்பிக்கப்படாமல் போவது அரசுக்குச் சொந்தமான வண்டிகள்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எத்தனை முறை என்று வரம்பு எதுவும் இல்லை.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. 2011இல் பதிவு காலாவதியான காரை, 2003இல் இறந்தவர் பெயரில் ஆண்டுதோறும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டிக்கொண்டு, மாதம் ஒருமுறை பிள்ளையார்பட்டிச் சாலையில் ஓட்டுகிறீர்கள். காப்பீட்டுதாரர் இறந்தால், அந்தப் பாலிசி மூன்று மாதம் வரை அல்லது அதன் காலம் முடியும்வரை, எது முன்னோ அதுவரைதான் வாரிசுகளுக்குப் பயன்படும். அதற்குப் பிறகு இறந்தவர் பெயரில் கட்டிய பிரீமியம் எல்லாம் மனநிம்மதிக்காகக் கட்டியதே. 2021இல், தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி திருட்டுப்போன வழக்கில்கூட, பதிவு இல்லாத வண்டிக்கு இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாமல் ஓட்டியதற்கு 192ஆம் பிரிவில் முதல் தடவை 5,000 ரூபாய் வரை, காப்பீடு இல்லாததற்கு 196ஆம் பிரிவில் 2,000 ரூபாய் என்று அபராதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம். குன்றக்குடி விலக்கில் பைக் ஓட்டிவரும் ஒருவர் மேல் மோதினால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு உங்கள் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்துதான் போகும். எல்லாம் சரியாகும்வரை சதுர்த்திக்குப் பஸ்ஸிலோ வேறு காரிலோ போய்வாருங்கள். கொட்டகைக்குள் ஸ்டார்ட் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56ஆம் விதி. நீங்கள் இருபது ஆண்டுக்கு மேல் தாமதம். தாமதக் கட்டணம் கட்டவேண்டியிருக்கும், உரிமை போய்விடாது. இறப்புச் சான்றிதழ்கள், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற மூவரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், குடும்ப ஏற்பாட்டின் நகல் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். தம்பிக்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கார் வாங்கிய காலத்தில் காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். ஆகவே பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்சம் அலைச்சல்தான். எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் பெயர் மாறுவதால் பதிவு எண் மாறாது; எம்.எஸ். என்று தொடங்கும் அந்தச் சென்னை ராஜ்ய காலத்து எண்ணே தொடரும். எண் போய்விடும் என்று புரோக்கர் சொன்னது தவறு.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும்தான். எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள். அந்தத் தேய்ப்பில் டீசல் இன்ஜினின் எண் வந்தால், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 1989இல் ஊரில் பாதி அம்பாசிடர்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன என்பது உண்மையானாலும் ஆய்வாளரிடம் அது எடுபடாது. நல்ல வேளையாக, உங்கள் அப்பச்சி பழைய இன்ஜினைப் பழம்பொருள் கடைக்கு அனுப்பவில்லை. அந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினைச் சரிபார்த்து மறுபடி பொருத்துங்கள். அதற்குச் செலவாகும் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். டீசல் இன்ஜினோடு எந்தப் பதிவும் சிக்கல்தான். ஆய்வுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

விண்டேஜ் பதிவு உங்களுக்குப் பொருந்துமா?

உங்கள் மகள் சொன்ன விண்டேஜ் (பழங்கால வண்டி) பதிவு 2021 ஜூலையில் வந்த விதிகளில் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சொந்தப் பயன்பாட்டுக்கான, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அது கிடைக்கும். கட்டணம் புதிதாக 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். பிள்ளையார்பட்டிக்குப் போவது இந்தப் பட்டியலில் இல்லை.

காரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்களுக்கு அந்தப் பதிவு பொருத்தம். நீங்கள் ஓட்டுகிறவர். வழக்கமான புதுப்பிப்பையே செய்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 20 ஆண்டைக் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய்; தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. 2011 முதலான தாமதம் என்பதால், மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு கட்டுங்கள். பெயர் மாறியதும் காப்பீட்டை உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்பதால் காரின் காப்பீட்டு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்ய இடமுண்டு. ஏஜென்ட் ஒரு சிறு தொகையைப் போட்டு நீட்டினால் அப்படியே கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

கானாடுகாத்தான் பக்கம் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடலாமா என்ற உங்கள் மருமகனின் யோசனைக்கு, சாலையில் ஓட்டி விடக் கூடாது என்பதே பதில். சொந்தப் பயன்பாட்டுப் பதிவு உள்ள காரை வாடகைக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாத வாகனம் என்ற குற்றமும் காப்பீட்டு மறுப்பும் சேர்ந்து வரும். உங்கள் வளவுக்கு முன்னால், சொந்த இடத்தில், நிறுத்தி வைத்துப் படம் பிடித்துக்கொள்ள விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெயர் உங்களுக்கு மாறியவுடன் மகளுக்கு ஓர் உயில் எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சிகள் கண்முன்னே கையெழுத்திடுங்கள். சாட்சிகள் மகளாகவோ மருமகனாகவோ இருக்க வேண்டாம். அரைப் பக்கம் போதும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. புரோக்கரிடம் போய் ஆர்.சி. புத்தகத்தையும் அப்பச்சி கையெழுத்திட்ட அந்த இரண்டு படிவங்களையும் திரும்ப வாங்கிவிடுங்கள். இறந்தவரின் கையெழுத்துக்கு மேல் பழைய தேதியைப் போட்டு விற்பனை நடந்ததாகக் காட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் வரும் போலி ஆவணக் குற்றம். அதன் பலனை அடைபவர் நீங்கள் என்பதால் முதலில் விசாரிக்கப்படுபவரும் நீங்களே. தம்பி மகன் கையில் அப்படி ஒரு காகிதம் கிடைத்தால், இதுவரை சொன்ன எந்தத் தீர்வும் நடக்காது. புரோக்கர் தர மறுத்தால், எந்தத் தேதியில் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்; தொலைந்துபோனதாகப் பொய்யாக எழுதி நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்காதீர்கள். திரும்பக் கிடைத்த படிவங்களில் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, சிட்டையோடு சேர்த்து வையுங்கள்.